நாற்பத்தொரு புகாரும் ஒரு ஜன்னலும்

துப்பறிகிறவளுக்கு இரண்டு காது போதாது என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். ஒரு காதை ரயில் நிலையத்தின் ஒலிபெருக்கிக்குக் கொடுத்தாயிற்று. இன்னொன்றை நாத்தனார் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

“மணி பதினொண்ணே கால். நாலு மணிக்கு விசாரணை. இதுவரைக்கும் நம்ம கையில சிக்கின துப்பு ரெண்டே ரெண்டு பிளாட்பாரம் டிக்கெட். அதுலயும் ஒண்ணு கிழிஞ்சிருக்கு.”

“வாயை மூடிட்டு நட.”

“மூடிட்டு நடந்தா மூச்சு வாங்குது அண்ணி. இந்த மேம்பாலத்துல எத்தனை படி பாருங்க. லிஃப்ட்ல ‘பழுது’ன்னு எழுதின போர்டுக்கு பெயின்ட் அடிச்சு பார்டர் போட்டிருக்காங்க. சரி பண்ற உத்தேசமே இல்ல.”

அந்த வட்டாரத்தில் அவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெரியவள் ஊருக்கே அண்ணி. அவளுடைய கணவனின் தங்கை ஊருக்கே நாத்தனார். சாவி செய்யும் கடைக்கு மேலே ஓர் அறை, மூன்று நாற்காலி, ‘துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை. கல்யாணமாகி வந்த முதல் மூன்று வருஷம் புகுந்த வீட்டில் அண்ணியை யாரும் எதுவும் கேட்டதில்லை. வாய்க்கு வேலை இல்லாததால் காது கூர்மையானது. எந்தக் கதவை யார் தள்ளினால் எப்படிச் சத்தம் போடும், யார் பொய் சொல்லும்போது தம்ளரை எங்கே வைப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது. பிற்பாடு அதையே தொழிலாக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அவளிடம் முதலில் பேச வந்தவள் இந்த நாத்தனார்தான். வந்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

மேம்பாலத்தின் அடியில் கண்ணாடிக் கூண்டு போல ஓர் அறை. உள்ளே மைக், விளக்குகள் எரிகிற பலகை, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியில் முப்பது வயதுப் பெண். நேற்று மாலை கைக்குட்டையைப் பிழிந்தபடி அவர்களுடைய மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். ஊரில் அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் தெரியாதவர்கள் கிடையாது. குரல்காரி என்றே நாத்தனார் பெயர் வைத்துவிட்டாள்.

“பதினொன்று இருபது வண்டி இன்னும் சற்று நேரத்தில் மூன்றாம் நடைமேடைக்கு வந்து சேரும்.” மைக்கை அணைத்ததும் அந்தக் கம்பீரம் போன இடம் தெரியவில்லை. “வாங்கக்கா,” என்றாள் கிசுகிசுப்பாக.

“இதே ஆள்தானா இது?” என்று சுற்றிப் பார்த்தாள் நாத்தனார். “வேற யாராவது உள்ள ஒளிஞ்சிருக்காங்களா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மைக் முன்னால உட்கார்ந்தா எனக்கு என்னமோ ஆயிடுது.” அவள் தட்டச்சு செய்த தாள்களை நீட்டினாள். “இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. என் மேல வந்த புகாரோட சுருக்கம்.”

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன்புவரை அவள் பயணச்சீட்டுக் கவுண்டரில் இருந்தாள். கவுண்டரில் இயந்திரம் வைத்ததும் அறிவிப்புக்கு மாற்றினார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து கோட்ட அலுவலகத்துக்கு அவளைப் பற்றிப் புகார் போக ஆரம்பித்தது. வண்டி வரும் நடைமேடையைத் தப்பாகச் சொல்கிறாள் என்று நாற்பத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். இன்று விசாரணையில் அது நிரூபணமானால் இந்தக் கூண்டிலும் ஓர் இயந்திரம் வந்துவிடும். அவள் இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் பணிமனைக்குப் போய் போல்ட்டும் நட்டும் எண்ண வேண்டும்.

“நீ ஒரு தடவையாவது தப்பா சொல்லியிருக்கியா?” என்று கேட்டாள் அண்ணி.

“இல்லக்கா. சத்தியமா இல்ல. தப்பா சொன்னா இங்க நிக்கிறவங்களே கண்ணாடியை உடைச்சிருப்பாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “இன்னொண்ணு. வீட்டுக்கு இது தெரிய வேண்டாம். அவர் வேலை வெளியூர்ல, அவருக்குத் தெரியும். வீட்ல பெரியவர் ஒருத்தர் இருக்கார். நான் இன்னும் டிக்கெட் கவுண்டர்லதான் இருக்கேன்னு நினைச்சிட்டிருக்கார்.”

“எதுக்கு மறைக்கணும்?”

“அவருக்கு... இந்த மைக் வேலை பிடிக்காது.”

அண்ணி மேற்கொண்டு கேட்கவில்லை. பிடிக்காது என்ற சொல் எத்தனை வீடுகளில் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்று பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

இரண்டாம் நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தாள்களைப் படித்தார்கள். விதிப்படி புகார் கொடுத்தவர்களின் பெயரை மறைத்துத் தொழிலை மட்டும் குறித்திருந்தார்கள்.

நாத்தனார் உரக்க வாசித்தாள். “ஒண்ணு, பள்ளி ஆசிரியர். ரெண்டு, வங்கி ஊழியர். மூணு, பல் மருத்துவர். எல்லாம் பெரிய மனுஷங்க. பதினஞ்சு, தந்தி ஆபீஸ் ஊழியர். அண்ணி, தந்தி ஆபீஸை மூடி எத்தனை வருஷமாச்சு? இவர் இன்னும் வேலைக்குப் போயிட்டா இருக்கார்?”

“பாவம், யாரும் தந்தி அடிச்சு அவருக்குச் சொல்லல போல. மேல படி.”

“இருபத்தாறு, குதிரைப் பயிற்சியாளர். முப்பத்து நாலு, கலங்கரை விளக்கக் காவலர். முப்பத்தொன்பது...” அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “சர்க்கஸ்ல கத்தி வீசுறவர்! அண்ணி, தினமும் எட்டே கால் வண்டியில கத்தியோடவா போறார்?”

அண்ணி சிரிக்கவில்லை. “முதல் பத்து பேரைப் பாரு. எந்த வண்டியிலயும் இருக்கிற ஆளுங்க. கடைசிப் பத்து பேரைப் பாரு. எழுதினவருக்குத் தொழில் தீர்ந்து போச்சு.”

“அப்ப எல்லாம் ஒரே ஆளா?”

“ஒரே ஆள். கொஞ்சம் வயசான ஆள். இப்ப எண்ணைப் பாரு. எந்தெந்த நடைமேடை பத்திப் புகார்?”

நாத்தனார் விரலை ஓட்டினாள். “ஒண்ணு... மூணு... மூணு... ஒண்ணு... மூணு...” நின்றாள். மறுபடி மேலிருந்து ஓட்டினாள். “ரெண்டு இல்லவே இல்ல அண்ணி. நாற்பத்தொண்ணுல ஒண்ணுகூட இல்ல. நம்ம உட்கார்ந்திருக்கிற இந்த ரெண்டாம் நம்பர் மேல மட்டும் அவருக்கு என்ன பிரியம்?”

“அது தெரிஞ்சா ஆளே தெரிஞ்ச மாதிரி.”

நாத்தனார் தாளின் வலது ஓரத்தில் இருந்த குட்டி எழுத்தைக் காட்டினாள். ஒவ்வொரு புகாருக்கு எதிரிலும் ஒரே வாசகம்: ‘வந்த வழி: நிலையத் தபால் பை.’

நிலைய அதிகாரியின் அறை புதுக் கட்டடத்தில் இருந்தது. அவர் மேஜைக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மனிதர். எதைக் கேட்டாலும் மேலே மின்விசிறியைப் பார்த்து, “அது மேலிடம் முடிவு பண்ண வேண்டியது,” என்றார்.

“தபால் பைன்னா என்ன சார்?”

“இது பழைய வழக்கம்மா. ரயில்வே கடிதத்துக்குத் தபால்தலை ஒட்ட வேண்டாம். இங்க ஒரு பை தொங்குது பாருங்க, அதுல போட்டா காலை வண்டியில போற கார்டு கோட்ட அலுவலகத்துல கொடுத்துடுவார்.”

“யார் போடலாம்?”

“இங்க வேலை பார்க்கிற யாரும். வெளி ஆளுங்களுக்கு இப்படி ஒரு பை இருக்கிறதே தெரியாது.”

நாத்தனாரின் கண் அதற்குள் அறையின் மூலைக்குப் போய்விட்டது. அங்கே பிரிக்காத அட்டைப் பெட்டி. மேலே ‘தானியங்கி அறிவிப்புக் கருவி’ என்று கொட்டை எழுத்து. அவள் அண்ணியின் இடுப்பில் இடித்தாள். பை இவர் அறையில், இயந்திரம் இவர் மூலையில். வெளியே வந்ததும் வெடித்தாள்.

“கையும் களவுமா மாட்டிக்கிட்டார்! வேலியே பயிரை மேயுது அண்ணி. அந்தப் பொண்ணை அனுப்பிட்டுப் பெட்டியைப் பிரிக்கப் போறார்.”

“அவர் ஒரு கடுதாசி எழுதணும்னாலும் மேலிடத்துல கேட்டுத்தான் எழுதுவார். நாற்பத்தொண்ணு எழுத அவருக்கு ஆயுள் போதாது.”

“போச்சு. கெட்டவனா ஒருத்தன் கிடைச்சான், அவனையும் நல்லவனாக்கிட்டீங்க. எங்க அண்ணனைக் கட்டினதுலயிருந்தே உங்களுக்கு இந்த இளகின மனசு.”

“உங்க அண்ணன் இன்னிக்குக் காலையில ஒரு சாக்ஸைத் தேட என்னைக் கூப்பிட்டார். அது அவர் கால்ல இருந்துச்சு. இளகாம என்ன செய்யும்?”

பேசிக்கொண்டே அண்ணி நின்றுவிட்டாள். புதுக் கட்டடத்தின் கூடத்தில், காப்பி இயந்திரத்துக்குப் பின்னால், பாதி மறைந்தபடி ஒரு பெரிய பலகை. ‘நமது நிலையத்தின் வரலாறு.’ திறப்பு விழாவன்று மட்டும் படிக்கப்பட்டு மறுநாளிலிருந்து முதுகு சாய்த்துக்கொள்ளப் பயன்படும் பலகை. அண்ணி இயந்திரத்தின் பக்கவாட்டில் தலையை நுழைத்தாள்.

செங்கல் ஏற்றுவதற்காகப் போட்ட ஒற்றைத் தடம். பிறகு செங்கலோடு சேர்ந்து ஆட்களும் ஏறத் தொடங்கினார்கள். ஒரு நடைமேடை, ஒரு மணி. பிறகு இரண்டு. பிறகு மூன்று. மணி போய் ஒலிபெருக்கி. நாளுக்கு ஆறு வண்டி நூற்றுப் பன்னிரண்டு வண்டியானது. காத்திருப்பு அறை, குடிநீர், மேம்பாலம், மாதச் சீட்டு. கடைசி வரி காப்பிக் கறைக்குக் கீழே இருந்தது. அண்ணி சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

‘எட்டு மாதங்களுக்கு முன் நிலையத்தின் மறுபுறம் இப்புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தலைமைக் கட்டடத்தை ஒட்டிய நடைமேடையே முதலாம் நடைமேடை என்ற விதியின்படி எண்கள் திருத்தப்பட்டன.’

“இங்க வா,” என்றாள் அண்ணி. மூன்று விரலை நீட்டினாள். “பழைய கட்டடம் அந்தப் பக்கம். அப்ப அங்கயிருந்து எண்ணினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்ப கட்டடம் இந்தப் பக்கம். இங்கயிருந்து எண்ணு.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு.” நாத்தனார் அண்ணியின் விரல்களையே பார்த்தாள். “ஒண்ணு மூணாச்சு. மூணு ஒண்ணாச்சு. நடு விரல்... அட! ரெண்டு ரெண்டாவே இருக்கு!”

“அதனாலதான் ரெண்டு மேல புகார் இல்ல. எழுதினவர் பொய் சொல்லல. அவரைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பொண்ணு தப்பாத்தான் சொல்றா.”

“ஆனா ஒவ்வொரு தூண்லயும் நம்பர் தொங்குதே. குருடனா?”

“நடைமேடையில கால் வச்சா தெரியும். வைக்கலைன்னா?” அண்ணி கூரையைப் பார்த்தாள். “நம்பர் கூரைக்குக் கீழ தொங்குது. மேலயிருந்து பார்த்தா தெரியாது. அவருக்கு ஒலிபெருக்கி கேட்குது, வண்டி வர்றது தெரியுது. உள்ள மட்டும் வர்றதில்ல.”

“தபால் பை விஷயமும் தெரிஞ்சிருக்கு.”

“ஜன்னல் இருக்கிற ஆளைத் தேடு.”

பழைய கட்டடத்தின் பக்கம் ரயில் பாதையைப் பார்த்தபடி ஒரே ஒரு குடியிருப்பு. மூன்று மாடி, பன்னிரண்டு ஜன்னல், அத்தனையிலும் துணி காய்ந்தது. இருவரும் இப்போது மூன்றாம் நம்பராகிவிட்ட நடைமேடையில், குடிநீர்க் குழாய் அருகே நின்றார்கள்.

இரண்டு பத்து வண்டி முதலாம் நடைமேடைக்கு வருவதாகக் குரல் சொன்னது. மேல் மாடியில், இடமிருந்து இரண்டாவது ஜன்னல், பச்சை வாளிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. கையில் பென்சில். வண்டி வந்தது. தலை இரண்டு பக்கமும் ஆடியது. பென்சில் எதையோ குறித்தது.

இரண்டு இருபத்தைந்து வண்டி இரண்டாம் நடைமேடைக்கு. ஜன்னலில் யாரும் வரவில்லை.

இரண்டு நாற்பது, மூன்றாம் நடைமேடைக்கு. வெள்ளைத் தலை இந்தத் தடவை பாதி உடம்போடு வெளியே வந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டது.

“கத்தி வீசுறவர் வீட்லதான் இருக்கார். வாங்க அண்ணி,” என்றாள் நாத்தனார்.

மூன்று மாடி ஏறுவதற்குள் நாத்தனாருக்குப் பேச்சு நின்றது. அந்த நிமிஷத்தை அண்ணி கொஞ்சம் அனுபவித்தாள். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். வீட்டிலும் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். ஒரு முழங்காலில் பட்டை.

“ரயில் நிலைய அறிவிப்பு எப்படி இருக்குன்னு அக்கம்பக்கத்துல கேட்டுட்டு வர்றோம்,” என்றாள் அண்ணி.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்கம்மா, வாங்க! எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் ஒருத்தருக்குக் கேட்கணும்னு தோணியிருக்கு. உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள். சுவரில் அவர் சீருடையில் நிற்கும் படம். இந்த நிலையத்தின் அதிகாரியாக இருந்து ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். அப்போதெல்லாம் மைக்கில் பேசியதும் அவர்தான். ஓய்வு பெற்று ஒரு வாரம் கழித்து சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போனாராம். புதிதாக வந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

“அன்னிக்குத் திரும்பினவன்தான். கூப்பிடாத இடத்துல கால் வைக்க மாட்டேன். ஆனா காதை மூடிக்க முடியுமா? அந்தப் பொண்ணு வாயைத் திறந்தா தப்பு. ஒண்ணுங்கிறா, மூணுல வருது. மூணுங்கிறா, ஒண்ணுல வருது. சனங்க புத்திசாலிங்க, அவ சொல்றதுக்கு நேர் எதிரா போய் நிக்கிறாங்க. இல்லைன்னா என்னாயிருக்கும்!” அவர் குரல் இறங்கியது. “நானே ஒரு தடவை நம்பரை மாத்திச் சொல்லிட்டேன். ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு மேம்பாலத்துல ஓடி, படியில விழுந்து... குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. அந்த அம்மாவுக்குக் கால் போச்சு. அப்புறம் இருபது வருஷம், ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் மைக்கைப் போடுவேன்.”

வீம்புக்காரக் கிழவர் ஒருவர் இருப்பார் என்று மாடி ஏறி வந்த அண்ணிக்கு மனசுக்குள் என்னவோ நழுவியது. “அதனால புகார் எழுதினீங்களா?”

“எழுதினேன். ஒருத்தன் எழுதினா பைத்தியம்னு குப்பையில போடுவாங்க. நானே போட்டிருக்கேன். ஆறு மாசத்துக்குள்ள நாற்பது பேர் தனித்தனியா எழுதினா விசாரணை வச்சே தீரணும். அது விதி.”

“அதுக்காக நீங்களே நாற்பது பேராயிட்டீங்க,” என்றாள் நாத்தனார், மூச்சு திரும்பியவளாக.

“நாற்பத்தொண்ணு. ஒண்ணு தவறினா இருக்கட்டும்னு.”

“அந்தக் கத்தி வீசுறவர்?”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “ஆள் கிடைக்கலம்மா.”

“தபால் பையில யார் கொண்டு போய்ப் போடுறது?”

“என் மருமகதான். அங்கதான் டிக்கெட் கவுண்டர்ல இருக்கா. பென்ஷன் விஷயம்னு சொல்லி உறையை ஒட்டிக் கொடுப்பேன். ஒரு நாள்கூட மறந்ததில்ல. தங்கமான பொண்ணு. வாயில்லாப் பூச்சி. சாப்பாட்டு நேரத்துல நான் அந்த மைக்குக்காரியைத் திட்டத் திட்ட, ஒரு வார்த்தை பேசாம தட்டையே பார்த்துக்கிட்டு இருப்பா.”

அண்ணி மெதுவாக அவருடைய தலைக்கு மேலே பார்த்தாள். சீருடைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணப் படம். மணமகன் கண்ணை மூடியிருந்தான். மணப்பெண் காமிராவைப் பார்த்து லேசாகச் சிரித்திருந்தாள். காலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் தாள்களை நீட்டிய அதே பெண்.

நாத்தனாரும் பார்த்துவிட்டாள். அவளுக்கு இருமல் வந்தது. தண்ணீர் எடுக்க அவர் உள்ளே போன நேரத்தில் அண்ணியின் காதைப் பிடித்து இழுத்தாள். “சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன் அண்ணி. ஆறு மாசமா நடந்தே போய் டெலிவரி பண்ணினவளை இப்பத்தான் பார்க்கிறேன். சொல்லிடலாமா?”

“கூடாது. வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு அவ கேட்டா, நாம சரின்னோம்.”

“மணி மூணு ஆகுது!”

“அவ ரகசியம். அவதான் உடைக்கணும். நீ இங்கயே இரு, பேச்சுக் கொடு. அது உனக்குக் கஷ்டமா இருக்காது.”

கூண்டுக்குள் அண்ணி சொல்லி முடித்தபோது குரல்காரி அழவில்லை. சிரிப்பா இல்லையா என்று தெரியாத ஒரு சத்தம் மட்டும் வந்தது. “பென்ஷன்னு சொன்னார் அக்கா. மழையில நனையக் கூடாதுன்னு புடவைக்குள்ள வச்சுக் கொண்டு வந்திருக்கேன்.”

“இப்பவே வீட்டுக்குப் போய்ச் சொல்லிடு. நேரம் இருக்கு.”

“அவர் முன்னால எனக்குப் பேச்சு வராதுக்கா. நாலு வருஷமா ‘சாப்பிட வாங்க மாமா’ங்கிறதைத் தவிர நான் என்ன பேசியிருக்கேன்? போய் நின்னா வாய் ஒட்டிக்கும்.” அவள் மைக்கைப் பார்த்தாள். விரல் விசைக்குப் போய்த் திரும்பி வந்தது. “இதுல சொந்த விஷயம் பேசக் கூடாது. அது தெரிஞ்சா எந்தப் புகாரும் வேண்டாம், நேரா பணிமனைதான்.”

நீ பேசு என்று சொல்ல அவள் யார்? புகுந்த வீட்டில் தன் முதல் மூன்று வருஷத்தை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு மைக் கிடைத்திருந்தால் அணைத்தே வைத்திருப்பாள் என்றுதான் தோன்றியது.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இது வண்டியைப் பற்றிய அறிவிப்பு அல்ல.” நடைமேடையில் நடந்தவர்கள் நின்றார்கள். “மாமா, நான்தான் பேசறேன். நான் டிக்கெட் கவுண்டர்ல இல்ல. எட்டு மாசமா இங்கதான் இருக்கேன். நீங்க தினமும் திட்டுற குரல் என்னோடதுதான். நம்ம ஜன்னலுக்கு நேரா இருக்கிறது இப்ப மூணாம் நடைமேடை. புதுக் கட்டடம் வந்ததும் எண்ணைத் திருப்பிட்டாங்க. நான் ஒரு தடவைகூடத் தப்பா சொல்லல மாமா. உங்களை மாதிரியே ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் சொல்றேன். நாலு மணிக்கு விசாரணை. உங்களை நான் கூப்பிடறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.” மூச்சு வாங்கினாள். “மத்தியான மாத்திரை அலமாரியில இருக்கு. சாப்பிட்டீங்களா?”

விசையை அணைத்தாள். பிறகு பழக்கூடையோடு நின்ற யாரோ ஒருவர் கூண்டைப் பார்த்துக் கத்தினார்: “சாப்பிட்டாரான்னு எங்களுக்கும் சொல்லும்மா!”

விசாரணை புதுக் கட்டடத்துக் கூடத்தில். கோட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பேசும் அம்மாள். ஒரு பக்கம் நிலைய அதிகாரி. எதிரே குரல்காரி, நின்றபடி. சுவர் ஓரமாக அண்ணி. மணி நான்கு அடித்து ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. வாசலில் யாரும் இல்லை.

“புகார் கொடுத்த நாற்பத்தொரு பேர்ல யாராவது வந்திருக்கீங்களா?”

அம்மாள் சுற்றிப் பார்த்தாள். “யாரும் வரலைன்னா எழுத்து மூலமா இருக்கிறதை அப்படியே ஏத்துக்கணும். அதுதான் விதி,” என்றபடி அந்த அம்மாள் பேனாவைத் திறந்தாள். குரல்காரி தரையைப் பார்த்தாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று அண்ணிக்குப் பட்டது.

“வந்திருக்கோம்.”

வாசலில் வெள்ளைத் தலை. ஒரு கை கைப்பிடிச் சுவரில், மறு கை நாத்தனாரின் தோளில். நாத்தனார் வியர்த்து வழிந்தாள். “பாலத்துல ஒவ்வொரு படிக்கும் ஒரு குறை சொன்னார் அண்ணி,” என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

நிலைய அதிகாரி அவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். மேலிடம் ஒன்றும் சொல்லாததால் தானாகவே நாற்காலியை விட்டு எழுந்தார்.

“எத்தனை பேர் வந்திருக்கீங்க?” என்றாள் விசாரணை அதிகாரி.

“நாற்பத்தொரு பேரும்.”

அம்மாள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். “பள்ளி ஆசிரியர்?”

“நான்தான்.”

“பல் மருத்துவர்?”

“நான்தாம்மா.”

“சர்க்கஸ்ல கத்தி...”

“எல்லாம் நான்தான். படிச்சுக்கிட்டே போக வேண்டாம்.” அவர் நிமிர்ந்து நின்றார். “இப்பத்தான் உள்ள வந்து பார்த்தேன். ஒவ்வொரு தூணா பார்த்தேன். நம்பரெல்லாம் மாறியிருக்கு. அந்தப் பொண்ணு சொன்னது சரி. நான் எழுதினது தப்பு. நாற்பத்தொண்ணையும் வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

அவர் குரல்காரியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கையெழுத்துப் போட முடியாது என்று பயந்ததுபோல் இருந்தது. நாற்பத்தொரு இடத்திலும் போட்டார். ஏழு நிமிஷம் ஆயிற்று.

அம்மாள் தாள்களை அடுக்கினாள். “இது முடிஞ்சுது. ஆனா நான் வண்டியை விட்டு இறங்கும்போது ஒரு விஷயம் கேட்டேன். மூணரை மணிக்கு யாரோ அரசாங்க மைக்கில மாத்திரை சாப்பிட்டீங்களான்னு விசாரிச்சாங்களாமே. நீங்க இங்க அதிகாரியா இருந்தவர். அது சரியா?”

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தப்புதான். சொந்த விஷயத்துக்கு மைக்கைப் பயன்படுத்தக் கூடாது. விதி இருக்கு.”

நாத்தனார் அண்ணியின் கையைக் கிள்ளினாள்.

“ஆனா அதே விதியில இன்னொண்ணும் இருக்கு,” என்றார் அவர். “நாற்பது பேர் தனித்தனியா எழுதினாத்தான் விசாரணை. இந்த ஊர்ல அத்தனை பேரா எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நான் எழுதப் போறதில்ல.”

விசாரணை அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினாள். அவர் அப்போதுதான் மருமகளின் பக்கம் திரும்பினார்.

“நாலு இருபது வண்டிக்கு நேரமாச்சு. இங்க ஏன் நின்னுட்டிருக்கே?”

“போறேன் மாமா,” என்றாள் குரல்காரி. மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது.